முதுகுத்தண்டு ரோபோ சர்ஜரிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், வீடு தண்டையார்பேட்டையில். கீழ் முதுகில் எல்4 என்கிற முள்ளெலும்பு அதற்குக் கீழே உள்ள எல்5 மேல் நழுவி, கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அந்த இரண்டு எலும்பையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாகச் சேர்க்கும் சர்ஜரி தேவைதான், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதை எங்களிடம் விற்ற விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தத் தனியார் மருத்துவமனையில் டாக்டர் பேசியது கொஞ்ச நேரம். மீதியெல்லாம் பேக்கேஜ் பேசும் கவுன்சிலர்தான். டேப்லெட்டில் ரோபோ கை சுழல்வதைக் காட்டி, "ரோபோவில பண்ணா மூணே வாரத்துல ஸ்டியரிங் பிடிக்கலாம் சார், சாதாரண சர்ஜரின்னா ஆறு மாசம்" என்றார். வண்டி ஓடினால்தான் அடுப்பெரியும் வீடு. அண்ணி நகையை அடகு வைத்தார். பில்லில் ரோபோவுக்கென்று ஒன்றரை லட்சம் தனியாக நின்றது. இன்சூரன்ஸ் அதை மட்டும் தள்ளிவிட்டது. வழக்கமாகவே இதற்குப் பணம் வராது என்று அங்கே கிளெய்ம் பார்க்கும் பையனே சொன்னான். கட்டும் முன் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரத்தில் அண்ணனால் நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒரே வரி. என்ன பயிற்சி, எப்போது தொடங்குவது, எவ்வளவு எடை தூக்கலாம், ஒன்றும் இல்லை. போன் செய்தால், பிசியோ பேக்கேஜில் வராது என்றார்கள்.

வேறொரு டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். ஸ்கேன் படத்தை வைத்து ஸ்க்ரூ எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும் என்று ரோபோ வழிகாட்டுகிறது. துளை போட்டு முடுக்குவது பெரும்பாலும் சர்ஜன் கைதான். ஸ்க்ரூ நரம்புப் பக்கம் விலகாமல் இருக்க அது நிஜமாகவே உதவும். சின்னக் கீறலில் செய்தால் தசைச் சேதமும் ரத்த இழப்பும் குறையும், ஆனால் ரோபோ இல்லாமலும் அப்படிச் செய்யலாம். இரண்டு எலும்பும் ஒன்றாக இறுகுவது உடம்பின் வேலை. அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், சர்க்கரையோ பீடியோ இருந்தால் இன்னும் இழுக்கும். ரோபோ வந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. இதைத் தெரிந்தே மூன்று வாரம் என்று சொன்னதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

யாராவது உங்களிடம் ரோபோ என்றால், எனக்கு அதனால் என்ன கூடுதல் பயன் என்று சர்ஜனிடமே கேளுங்கள், கவுன்சிலரிடம் வேண்டாம். வேலைக்குத் திரும்பும் காலம், பிசியோ, இன்சூரன்ஸில் வராத தொகை மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது விதி. நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு வந்தது. உள்ளே வைத்தது எந்த ஸ்க்ரூ என்று காட்டும் பெட்டி ஸ்டிக்கரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அண்ணன் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே பிசியோவுக்குப் போகிறார். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்தது தெரியும்வரை டிரெய்லர் ஏறக்கூடாது என்று புது டாக்டர் சொல்லிவிட்டார்.