மூத்தவளின் கலியாணத்தை நடத்தித் தந்த பிள்ளைகள்

வைகாசியில் மூத்த மகளுக்குக் கலியாணம் செய்தோம். மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து ஒன்பது நாட்களுக்கு முன்புதான் வந்து இறங்கினார்கள். ஓடித் திரிய எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இல்லை; இவருக்கோ முழங்கால் வருத்தம். அதனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற ஒரு திருமண ஏற்பாட்டுக் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்தோம். மண்டபமும் சாப்பாடும் வேறு. மணவறை, சோடனை, மேளக்காரர், படப்பிடிப்பு, அன்றைய நாளைக் கொண்டு நடத்துவது எல்லாம் சேர்த்து 380,000 ரூபாய். குறையும் சொல்ல இருப்பதால் குழுவின் பெயரைப் போடவில்லை.

பொறுப்பாக வந்தவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து முடித்த பிள்ளை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தாள். எத்தனையோ கலியாணம் பார்த்த எனக்கே தோன்றாததையெல்லாம் கேட்டாள். கன்னிக்காலுக்கு முள்முருக்கந் தடி யார் வெட்டுவது, அம்மியை மண்டபத்தில் தருவார்களா, முளைப்பாலிகைச் சட்டியை வாகனத்தில் யார் மடியில் வைத்துக்கொண்டு வருவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டு, எக்செல் தாளாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள்.

கலியாணத்தன்று அவள் வேலையைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் சடங்கில் நேரம் போவது பெண் கூறைச் சேலை மாற்றும் இடத்தில்தான். பெண் உள்ளே போனால் வெளியே ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பார், சபை கதைக்கத் தொடங்கிவிடும். இந்தப் பிள்ளை சால்வை ஓரத்தில் சேஃப்டிபின்களை வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். வெளிக்கிடுத்துகிறவர் கையை நீட்ட நீட்ட ஒன்றொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். கதவடியில் நின்ற பெடியன் ஐயருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பதறி உள்ளே போக, "அன்ரி, இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு, நீங்கள் போய்ச் சபையில இருங்கோ" என்றாள். தாலி கட்டும்போது சுபநேரம் முடிய நாலு நிமிடம் இருந்தது.

மணவறையைச் செய்தவன் மருதனார்மடத்தில் சித்திரம் படித்தவன். ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் தூண் வேண்டாம் என்று நாங்கள் சொன்னதும் பனையோலையிலும் தென்னங்குருத்திலும் பின்னிச் செய்து தந்தான். கனடாச் சம்பந்தி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

சரி, குறைக்கு வருகிறேன். அல்பம் ஆறு கிழமையில் தருவதாகச் சொன்னார்கள், மூன்றரை மாதம் சென்றது. வந்ததிலும், தாலிக்குப் பொன்னுருக்கின சடங்கின் படங்கள் பாதி இல்லை. விசாரித்தால், அல்பத்துக்குப் பொறுப்பான பிள்ளை இடையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாளாம். அவளிலும் பிழை இல்லை. அங்கே எல்லோருக்கும் நாட்சம்பளம். கலியாணம் உள்ள நாளுக்கு 4,000 ரூபாய். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கலியாணம் இல்லை, அப்போது சாமத்தியச் சடங்கும் பிறந்தநாளும் வந்தால்தான் காசு. ஊழியர் சேமலாப நிதியும் கிடையாது. சம்பளத்தில் முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம் அதற்குக் கட்ட வேண்டும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும் என்பது சட்டம். பட்டதாரிப் பிள்ளையின் மூளையை வைத்து உழைக்கிறவர்கள் இதைக் கட்டத்தான் வேண்டும். கட்டியிருந்தால் அந்தப் பிள்ளை நின்றிருப்பாள், என் மகளின் படங்களும் ஒழுங்காக வந்திருக்கும்.

இவ்வளவு விசாரித்ததற்குக் காரணம் இளையவள். அவளும் பட்டதாரி, இரண்டு வருடமாக அரசாங்க வேலை கிடைக்குமென்று காத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அக்காவின் கலியாணம் முடிந்த இரவே, "அம்மா, நான் இந்த வேலைக்குப் போகட்டோ?" என்று கேட்டாள். "படிச்சது பந்தல் போடவோ?" என்று இவர் கோபப்பட்டார். இவரையும் குறை சொல்ல மாட்டேன். 2017 இல் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் பட்டதாரிகள் மாதக்கணக்காக வேலை கேட்டு இருந்ததைப் பார்த்தவர். 2020 இல் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுநராகச் சேர்ந்த எங்கள் பெறாமகள் இன்று நிரந்தர உத்தியோகத்தர். அதுதான் அவருக்குக் கண்ணில் நிற்கிறது.

நான் கண்டது வேறு. இலண்டனில் இருக்கிறவருக்கு ஆங்கிலத்தில் செலவுக் கணக்கு எழுதி அனுப்புவது, மேளக்காரரோடும் பூக்காரரோடும் பேரம் பேசுவது, முந்நூறு பேர் நிற்கிற இடத்தில் குரலை உயர்த்தாமல் காரியம் முடிப்பது எல்லாம் படித்த பிள்ளைக்குக் கைவருகிற வேலை. ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஓடித் திரிய ஆள் இல்லை, அவர்கள் இப்படிப்பட்டவர்களைத்தான் தேடுகிறார்கள்.

அல்பம் எடுக்கப் போனபோது மிச்சக் காசைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் நேரே கேட்டேன். இருந்து கேட்டார், கோபப்படவில்லை. தை மாதத்திலிருந்து மூன்று பேரை மாதச் சம்பளத்தில், சேமலாப நிதியோடு எடுப்பதாகச் சொன்னார். எழுத்தில் தாருங்கள், என் பிள்ளையும் விண்ணப்பம் போடுவாள் என்றேன். இளையவள் போன கிழமை விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனது இவர்தான்.