கண்ணைக் காட்டப் போய் கிட்னிக்கு வைத்தியம்

இந்த முறை ஊருக்குப் போனபோது மாமாவுக்குக் கண் பரிசோதனை செய்யப் போய், கடைசியில் அவருடைய கிட்னிக்கும் பிரஷருக்கும் வைத்தியம் ஆரம்பித்துவிட்டு லண்டன் திரும்பினேன். ஊரில் சர்க்கரை உள்ள பெரியவர்களை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

மாமாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. தேனிப் பக்கம் ஒரு கிளினிக்கில் மாதாமாதம் ரத்தம் கொடுத்து மாத்திரை வாங்குவார். கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று இத்தனை வருடத்தில் அங்கே ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. நான் கூப்பிட்டபோது, "பேப்பர்ல பொடி எழுத்தக்கூடப் படிக்கிறேன் மாப்ள, எனக்கெதுக்குக் கண்ணாஸ்பத்திரி?" என்றார். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையும் குறையாது, வலியும் இருக்காது. பார்வை மங்கிய பிறகு ஓடினால் நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அரவிந்த் மருத்துவமனையின் பார்வை மையம் ஒன்றுக்குப் போனோம். மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. சின்ன ஊர்களில் இருக்கும் இந்த மையங்களில் டாக்டர் உட்கார்ந்திருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண்கள்தான் கண்ணைச் சோதித்துப் படம் எடுக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு வீடியோவில் பேசுகிறார். "ஐயா, தாடையை இதுல வைங்க, அந்த வெளிச்சத்தையே பாருங்க" என்று அந்தப் பெண் சொன்ன பக்குவத்தில் மாமாவின் முரண்டு அடங்கிவிட்டது. சொட்டு மருந்து விட்டார்கள். கூட்டம் இருந்தும் இழுத்தடிக்கவில்லை. கட்டணமும் மிகக் குறைவு.

திரையில் வந்த படத்தை எங்களுக்கும் காட்டினார்கள். ஆரஞ்சு நிறத் தளத்தில் ரத்தக் குழாய்கள் கிளை விரித்து ஓடுகின்றன. நடுநடுவே சிவப்புப் பொட்டுகள், பஞ்சைப் பிய்த்து வைத்ததுபோல வெளுத்த திட்டுகள். டாக்டர் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பிரஷர் எவ்வளவு இருக்கு?" அடுத்தது, "யூரின்ல ஆல்புமின் பாத்தீங்களா?" ஆல்புமின் என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், கிட்னி பழுதானால் யூரினில் இறங்கும். இரண்டு கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை.

உடம்பில் கத்தி வைக்காமலே ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரைதான். ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1851-இல் கண்ணுக்குள் பார்க்கும் கருவியை அறிமுகப்படுத்திய பிறகு, மருத்துவர்கள் மற்ற உறுப்புகளின் நோய்களையும் அங்கே தேடத் தொடங்கினார்கள். மூளையில் அழுத்தம் ஏறினால் பார்வை நரம்பின் முனை வீங்கித் தெரியும். செம்பு உடம்பில் தங்கிவிடும் வில்சன் நோயில் கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் விழும். சர்க்கரையும் பிரஷரும் மெல்லிய ரத்தக் குழாய்களை அரிக்கின்றன. கிட்னியில் ரத்தத்தை வடிகட்டுவதும் அதே மாதிரி நுண்ணிய குழாய்கள். அதனால்தான் கண்ணில் அந்தப் பொட்டுகளையும் திட்டுகளையும் பார்த்த டாக்டர் யூரினைப் பற்றிக் கேட்டார்.

மறுநாளே லேபுக்குப் போனோம். ஆல்புமின் இருந்தது. பிரஷர் 170-க்கு மேல். வேறொரு பொது மருத்துவரிடம் கண் படத்தையும் லேப் ரிப்போர்ட்டையும் சேர்த்து நீட்டியதும், மாத்திரைகளை மாற்றி உப்பைக் குறைக்கச் சொன்னார்.

இங்கிலாந்தில் 12 வயதும் அதற்கு மேலும் ஆன சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் படம் எடுக்க வீட்டுக்கே கடிதம் வரும். 2023-இலிருந்து, தொடர்ந்து இரண்டு முறை கண் சுத்தமாக இருந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வருடாவருடம். முடிவின் நகல் குடும்ப மருத்துவருக்கும் தானாகப் போய்விடும். மாமா விஷயத்தில் நான் உணர்ந்த பெரிய ஓட்டை இதுதான். படம் எடுக்கும் திறமை நம் ஊரில் குறைவில்லை. ஆனால் கண் ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் சீட்டை சர்க்கரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நோயாளி கையில் இருக்கிறது. பலர் அதைக் கண் விஷயம் என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே படிப்பதும் வந்துவிட்டது. சர்க்கரையால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கூகுளின் 2016 ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன. 2018-இல் விழித்திரைப் படத்திலிருந்தே வயது, ஆணா பெண்ணா, புகைபிடிப்பவரா, பிரஷர் எவ்வளவு என்று கணித்துக் காட்டினார்கள். நல்ல விஷயம், வளரட்டும். மாமாவுக்கு உதவியது ஒரு சாதாரணப் படமும், சரியான கேள்வியைக் கேட்ட டாக்டரும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துப் போங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். படத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சர்க்கரை இல்லை, பிரஷர் மட்டும்தான் என்றாலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. எங்கள் அத்தை அந்த வகை. மாமாவை நாலு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கே அத்தையும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.