கொடைக்கானல் மலையில் ஏழு ஆண்டு போக்கிமான் கோ: அரியவற்றைப் பிடித்ததும் விட்டதும்

நான் குடியிருப்பது கொடைக்கானல் ஏரியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கும், மலைப்பூண்டு விளையும் கிராமம் ஒன்றில். போனில் வரைபடம் பார்த்து நடந்து, திரையில் தோன்றும் கற்பனை உயிரிகளைப் பந்தெறிந்து பிடிக்கும் விளையாட்டான போக்கிமான் கோ 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது என் கையில் இருந்தது பட்டன் போன். ஆகவே இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் தொடங்கினேன். இந்த விளையாட்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நகரவாசிகள் என்பதால், அரிய உயிரிகளைப் பிடிப்பதில் மலைக்காரர்களுக்கு எது கைகொடுக்கிறது, எது கைவிடுகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் கைவிடுவது ஷைனி. நிறம் மாறிய இந்த உயிரிகள் வரைபடத்தில் மற்றவை போலவே தெரியும். தொட்டு உள்ளே போன பிறகுதான் மினுக்கம் காட்டும். பெரும்பாலான இனங்களுக்கு ஏறத்தாழ 500-க்கு ஒன்று என்பது, விளையாடுவோர் பல்லாயிரம் முறை எண்ணிப் பார்த்துக் கண்ட கணக்கு. 500 உயிரிகளைத் தொட்டால் ஒன்று உறுதி என்று இதற்குப் பொருளில்லை. 500 தொட்ட பின்னும் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு கிட்டத்தட்ட 37 விழுக்காடு. திறமைக்கு இதில் இடமே கிடையாது. எத்தனை உயிரியைத் தொட்டோம் என்பது மட்டுமே கணக்கு. சென்னையில் என் அத்தை மகன் மின்ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் முப்பது உயிரிகளைத் தொட்டுவிடுகிறான். எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் நின்றால் ஐந்தாறு வரும், அதில் பாதி முன்பே பிடித்தவை. ஆகவே சாதாரண நாட்களில் ஷைனி தேடுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு குறிப்பிட்ட உயிரி ஏராளமாக வந்து, அதன் ஷைனி வாய்ப்பு 25-க்கு ஒன்றாக உயரும் சிறப்பு நாளான கம்யூனிட்டி டே அன்று மட்டும் ஏரிக்கரைக்குப் பேருந்து ஏறுகிறேன். அந்நாள் பொதுவாகப் பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை நடக்கும். ஏரியின் மேல் பனிமூட்டம் இறங்குவதும் பெரும்பாலும் அந்நேரம்தான் என்பதால், திரையில் உயிரி தெரிகிற அளவுக்குச் சாலையில் சைக்கிள் தெரிவதில்லை.

கைகொடுப்பது 2022-இல் வந்த டெய்லி அட்வென்ச்சர் இன்சென்ஸ், அதாவது உயிரிகளை நம்மிடம் வரவழைக்கும் ஊதுவத்தி. நாளுக்கு ஒரு முறை, 15 நிமிடம் மட்டும் எரியும். நாம் நடக்க நடக்கத்தான் உயிரிகள் வரும்; அந்த இடத்தில் ஸ்டாப் (பந்தும் பொருளும் தரும், வரைபடத்தில் குறித்த இடம்) இருக்கிறதா, மக்கள் நடமாட்டம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நகரத்தானும் நானும் ஒரே தராசில் நிற்பது இந்தக் கால் மணி நேரத்தில் மட்டுமே. காலார் என்ற கற்பனை நாட்டு வடிவிலான ஆர்ட்டிகுனோ, ஜாப்டோஸ், மோல்ட்ரெஸ் ஆகிய மூன்று அரிய பறவைகளும் பெரும்பாலும் வருவது இதில்தான். வந்தாலும் பிடிபடுவது வேறு கதை. ஒரு பந்து தவறினால், அல்லது பட்டும் உடைத்துக்கொண்டு வெளிவந்தால், பெரும்பாலும் அடுத்த பந்துக்கு நிற்காமல் ஓடிவிடும்.

எனக்கு மோல்ட்ரெஸ் கிடைத்தது ஒரு ஜனவரி மாதக் காலையில். பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் இறக்கத்தில் கருஞ்சிவப்பாக எழுந்து நின்றது. எனக்கோ விரல் விறைத்துப் பந்தைச் சுழற்ற முடியவில்லை. திரையைத் தொடாமல் டீக்கடைக்குள் போய், கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டுதான் எறியத் தொடங்கினேன். முதலில், பிடிப்பதை எளிதாக்கும் கோல்டன் ராஸ் பெர்ரி என்ற பழம். பிறகு பந்தை விரலால் அழுத்திப் பிடித்து, உயிரியின் மேல் தெரியும் உள்வட்டம் எக்ஸலண்ட் எனும் மிகச்சிறிய அளவுக்குச் சுருங்கியதும் எறியாமல் விட்டுவிட வேண்டும். வட்டம் அந்த அளவிலேயே நிற்கும். உயிரி சீறித் தாக்கும் வரை காத்திருந்து, அந்த அசைவு முடியும் தறுவாயில் அல்ட்ரா பால் என்ற வலுவான பந்தைச் சுழற்றி எறிந்தால், அது நிமிரும்போது பந்து நடுவில் விழும். இத்தனையும் சரியாகச் செய்தும் அதற்கு முன் பதினொரு பறவைகளை இழந்திருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். பந்து மூன்று முறை ஆடி நட்சத்திரம் காட்டியதும் நான் போட்ட சத்தத்தில் கடைக்காரர், "ஏன் தம்பி, ஓடிப்போயிருந்தா நாளைக்குப் பிடிச்சுக்க முடியாதா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வானிலை. பனிமூட்டம் என்று விளையாட்டு அறிவித்துவிட்டால் பேய் வகையும் இருள் வகையும் பெருகும். வெளியில் தோன்றும் அவ்வகை உயிரிகளின் உச்ச பலநிலை (லெவல்) 30 என்பது 35 ஆக உயரும். தமிழகச் சமவெளியில் அரிதான அந்த அறிவிப்பு எங்களுக்குக் குளிர்காலத்தில் வாய்ப்பதுண்டு. என்னிடமுள்ள டைனோ என்ற இருள் வகை உயிரிகளில் நல்லவை எல்லாம் அப்படிப் பிடித்தவை. ஆனால் கண்ணெதிரே இருக்கும் பனியும் திரையிலிருக்கும் பனியும் ஒன்றல்ல. சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரே வானிலை என்று முன்கணிப்பிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் இதன் முறை. முகட்டில் பனியும் அதன் அடிவாரத்தில் வெயிலும் ஒரே நேரத்தில் இருக்கும் எங்கள் மலைக்கு அது எப்படிப் பொருந்தும்? எதிரில் வரும் லாரியே தெரியாத காலைகளில் திரையில் வெயில் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே சன்னலைப் பார்த்து ஏமாறாமல், ஒவ்வொரு மணி நேரமும் தொடங்கியதும் விளையாட்டைத் திறந்து பார்ப்பதே பழக்கமாகிவிட்டது.

பலர் சேர்ந்து வலிமையான ஓர் உயிரியை வீழ்த்திப் பிடிக்கும் ரெய்டு பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏப்ரல், மே சீசனில் ஏரிக்கரையில் ஆள் சேரும். மற்ற மாதங்களில் தனியாளாக நின்று திரும்ப வேண்டியதுதான். ஊரில் இருப்பது ஒரே செல்போன் கோபுரம். மின்சாரம் போனால் அதுவும் படுத்துவிடும். கையுறை போட்டால் திரை கேட்காது, தூறல் விழுந்தால் தானாகவே பந்தை எறிந்துவிடும்.

இங்கே எளிதாகக் கிடைக்கும் ஒன்றுக்கு வெளியே இருக்கும் மதிப்பை நான் அறிந்துகொண்டதும் சீசனில்தான். கோர்சோலா பவள உயிரி. பெரும்பாலும் வெப்பமண்டலப் பகுதிகளில்தான் வரும். கடலிலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் பவளம் துள்ளுவதைப் பார்த்து எங்களுக்குச் சலித்தே போய்விட்டது. படகுத்துறை அருகே ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒருவர் அதைக் கண்டதும் நடுச்சாலையில் நின்றுவிட்டார். பிறகு அவர் என்னிடம் காட்டியது மிஸ்டர் மைம். பொதுவாக ஐரோப்பாவில் மட்டும் வரும் உயிரி, ஏழு ஆண்டில் நான் விளையாட்டின் பட்டியலில் நிழலாக மட்டுமே பார்த்திருந்தது. அவர் ஊரில் அதைத் தொடக்கூட மாட்டார்களாம். என்னிடம் மிகுதியாக இருந்த கோர்சோலாக்களில் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன்.

ஆர்ட்டிகுனோ மட்டும் இன்னும் வசப்படவில்லை. தவறாமல் பிடிக்கும் மாஸ்டர் பால் ஒன்று பையில் இருக்கிறது. போன வாரம் பறவை வந்தபோதும் அதை எறிய மனம் வரவில்லை, அல்ட்ரா பாலை எறிந்தேன், ஓடிவிட்டது.