ஷிட்ஸு: முடி கொட்டாது, சரி. எங்கே போகும்?

ஷிட்ஸு நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது 'முடி கொட்டுமா?' என்பதைத்தான். சோபாவில் அவ்வளவாகக் கொட்டாது, உண்மை. உதிர்ந்த முடி உடம்பை விட்டுப் போகாமல் மேல்முடிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சிக்காகும். பெருக்கும் வேலை மிச்சம். அதற்குப் பதிலாகத் தினமும் பத்து நிமிடம் சீப்பு பிடிக்க வேண்டும்.

முதல் எட்டு, ஒன்பது மாதம் இது தெரியாது. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும்போது, ஏறக்குறைய ஒரு வயதை ஒட்டி, ஒரே வாரத்தில் முடிச்சு முடிச்சாக வரும். காதுக்குப் பின்புறம், அக்குள், தொடையின் உள்பக்கம், ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டை) உரசும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மேலாக மட்டும் பிரஷ் போட்டால் மேலே பளபளக்கும், அடியில் கம்பளி போல இறுகும். முடியைக் கையால் தூக்கி, தண்ணீரை லேசாக ஸ்பிரே செய்து, அடுக்கு அடுக்காக நுனியிலிருந்து வேரை நோக்கி ஸ்லிக்கர் பிரஷ் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்) போட வேண்டும். பிறகு ஸ்டீல் சீப்பு. அது தோல்வரை தடையில்லாமல் போனால்தான் வேலை முடிந்தது.

சிக்கோடு குளிப்பாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தண்ணீர் பட்டுக் காய்ந்தால் முடிச்சு இன்னும் இறுகும். முதலில் சீப்பு, பிறகுதான் தண்ணீர். முடிச்சில் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவி விரலால் பிரித்துப் பாருங்கள். பிரியாவிட்டால் தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவே சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே வெட்டுங்கள். முடிச்சு தோலையும் சேர்த்து இழுத்து வைத்திருக்கும். குருட்டாம்போக்கில் கத்திரி வைத்தால் தோல் கிழியும். குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து வேர்வரை உலர்த்த வேண்டும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் அடிமுடி நனைந்தே கிடந்தால் சொறியத் தொடங்கிவிடும். தரை தொடும் முடி கண்காட்சிக்கு. வீட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பப்பி கட், அதாவது உடம்பு முழுவதும் முடியை ஒரே அளவாகக் குறைப்பது. ஒரு அங்குல முடி இருக்கட்டும். கோடைக்கு மொட்டை அடித்தால் வெயில் நேராகத் தோலில் படும்.

முடியைவிடக் கண் முக்கியம். கண்குழி ஆழமில்லாததால் கண் வெளியே பிதுங்கி நிற்கும். மூக்குத்தண்டின் மேலுள்ள முடி அதைக் குத்திக்கொண்டே இருக்கும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. கண்ணோரச் செம்பழுப்புக் கறை கண்ணீரில் உள்ள நிறமிதான், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டாலோ, கருவிழியில் வெள்ளையாகவோ நீலமாகவோ புள்ளி தெரிந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். கருவிழிப் புண்ணாக இருக்கலாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து அதை மோசமாக்கும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் மூச்சுக்குழாயோடு கண்ணுக்கும் அழுத்தம் ஏறும். ஹார்னஸ் போடுங்கள்.

மூக்கு சப்பை என்பதால் மூச்சிரைத்தும் உடம்புச் சூடு சரியாக இறங்காது. நடை காலை ஆறரைக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. கத்திரி வெயிலில் மதியம் ஃபேனாவது ஓட வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்தபடியே டாக்டரிடம் ஓடுங்கள்.

குணத்தில் இது சீன அரண்மனை மடிநாய். அறைக்கு அறை பின்னாலேயே வரும், மடி கிடைத்தால் போதும். காவலுக்கு ஆகாது, திருடனுக்கும் வாலாட்டும். பிடிவாதம் மட்டும் டாய்லெட் பழக்குவதில் தெரியும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணிக்குள்ளும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். முழுதாகப் படிய ஏழெட்டு மாதமும் ஆகலாம். திட்டினால் கட்டிலுக்கு அடியில் போய் இருந்துவிட்டு வரும், அவ்வளவுதான்.

'டீ கப்', 'இம்பீரியல்' என்று தனி இனம் கிடையாது, ரொம்பச் சின்ன நாய்க்கு விற்பவர்கள் வைத்த பெயர். இனத் தர நிர்ணயப்படி எடை 4.5 முதல் 8 கிலோ. கருத்தடை செய்த 6 கிலோ நாய்க்கு நாளைக்கு 90 முதல் 100 கிராம் டிரை ஃபுட் போதும். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் குறையுங்கள். வெங்காயம் போட்ட குழம்புச் சோறும் பாயசத்து உலர்திராட்சையும் கூடவே கூடாது.

சின்னத் தாடையில் பல் நெருக்கியடித்து முளைக்கும். ஏழு மாதத்துக்குப் பிறகும் பால்பல் நின்றால் கருத்தடை மயக்கத்திலேயே சேர்த்துப் பிடுங்கச் சொல்லுங்கள். பல் தேய்க்க நாய்க்கான பேஸ்ட்தான். நம் பேஸ்ட்டில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு அது விஷம். உண்ணி இந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது. தினமும் சீப்பு பிடித்த கையோடு காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள்.