கொள்ளுப்பாட்டியின் தடம்: டர்பனின் வம்சாவளித் தேடல் சேவை ஒன்றைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த எங்கள் கொள்ளுப்பாட்டியின் பூர்வீகத்தைக் கண்டறிந்து தருமாறு டர்பனில் இயங்கும் ஒரு தனியார் சேவையை எங்கள் குடும்பம் அமர்த்தியது. வந்த அறிக்கையின் முற்பாதி கொடுத்த பணத்துக்குத் தகும். பிற்பாதியைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் இங்கே வந்திறங்கினர். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை, ஆளுக்கொரு குடியேற்ற எண்ணிட்டு, கப்பல் பட்டியலில் பதியப்பட்டன. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் முனியம்மா, லட்சுமி போன்ற பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது வீண் வேலை. இதை உணர்ந்த ஆய்வாளர், பழைய பிறப்புப் பதிவுகளில் பெற்றோரின் குடியேற்ற எண்ணும் குறிக்கப்படுவதுண்டு என்பதால், எங்கள் தாத்தாவின் பதிவிலிருந்து அவருடைய தாயின் எண்ணைப் பிடித்து, அங்கிருந்து கப்பலுக்குப் போனார். ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தது. அதன் ஒரு பகுதி இன்று ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கம் இருப்பதால், பெயர் பொருந்தும் ஊர்கள் இரண்டைக் காட்டி, எது நம்முடையது என்று உறுதி சொல்லாமல் விட்டதை நான் குறையாகக் கருதவில்லை. நேர்மை என்றே கொள்கிறேன்.

குறை, சட்டமிட்டுத் தந்த குடும்ப மரத்தில் இருக்கிறது. வரவேற்பறைக்கு அழகுதான். ஆனால் அதில் கொள்ளுப்பாட்டி, கணவரின் பெயருக்கடியில் ‘மனைவி’ என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறார். அதே அறிக்கையின் முன்பக்கங்களிலோ, அவர் கணவருக்கு முந்தைய கப்பலில், தமக்கென ஓர் எண்ணோடு, உறவினர் எவருமின்றி வந்தவர் என்று தெளிவாக இருக்கிறது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விதியை நிறைவேற்ற ஆள்சேர்ப்போர் தனித்த பெண்களையும் கைம்பெண்களையும் ஏற்றி அனுப்பிய காலம் அது. ஆணுக்கு முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் என்றால், பெண்ணுக்கு அதில் பாதிதான். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர்கள்மீது விதித்த மூன்று பவுன் வரி பெண்களையும் விடவில்லை. பிற்பாடு பதின்மூன்று வயதுச் சிறுமியரையும் பிடித்தது. இத்தகைய வாழ்வின் தடயங்கள் கப்பல் பட்டியலில் கிடைக்கமாட்டா. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள இந்தியக் குடியேற்றத் துறையின் கோப்புகளில், முதலாளிமீது புகார் கூறிய பெண்களின் வாக்குமூலங்கள்கூட உள்ளன. அங்கே தேட வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று பணி முடிந்த பிறகே எங்களுக்குச் சொன்னார்கள்.

எண் ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு இச்சேவை தேவையில்லை. குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் கணினிப்படுத்திய கப்பல் பட்டியல்களே போதும். எண் தெரியாதவர்கள் தாராளமாக அணுகலாம். முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்பதால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேடலும் அதில் அடங்குமா என்பதையும், தட்டச்சுப் படியோடு மூலப் பக்கத்தின் நிழற்படமும் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். குடும்ப மரத்தைத் திருத்தித் தருமாறு கேட்டிருக்கிறோம். கூடுதல் கட்டணமின்றிச் செய்து தர ஒப்புக்கொண்டுள்ளனர்.