பத்மினிக்கு ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினா, பழைய பெட்ரோலுக்கே போரிங்கா?

பழைய ஃபியட் காரான பிரீமியர் பத்மினி வைத்திருக்கும் யாரும் தப்பிக்க முடியாத அறிவுரை ஒன்று உண்டு. "இதைப் போய் ஏன் சார் கட்டிக்கிட்டு அழறீங்க, ஒரு ஸ்விஃப்ட் டீசல் இன்ஜினைத் தூக்கி வச்சா ஏசி போட்டுக்கிட்டு ஜம்முனு போலாமே." என் வண்டி புகை தள்ள ஆரம்பித்ததும் நானும் அதைக் கொஞ்ச நாள் நிஜமாகவே யோசித்தேன், இரண்டு பட்டறைகளில் விலையும் கேட்டேன். கடைசியில் பழைய பெட்ரோல் இன்ஜினைத்தான் போர் பண்ணி, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி, ஓட்டுகிறேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

டீசல் பக்கத்தின் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஸ்விஃப்ட் டீசலில் வந்த அந்த 1.3 மல்டிஜெட் ஃபியட்டின் இன்ஜின்தான். பத்மினியும் ஃபியட் 1100 வம்சம் என்பதால் "ஒரே ரத்தம்" என்று சொல்லியே விற்பார்கள். 1248 சிசி, 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, லீனியா என்று ஏகப்பட்ட வண்டிகளில் வந்ததால் காயலான் கடையில் சுலபமாகக் கிடைக்கும், ஸ்பேருக்கும் பஞ்சமில்லை. மைலேஜ், இழுவை பற்றிப் பேசவே வேண்டாம், பத்மினியின் 1089 சிசி பெட்ரோல் பக்கத்திலேயே வராது.

உள்ளே வைப்பதில்தான் சிக்கல். மல்டிஜெட் முன் சக்கரத்தை ஓட்டும் கார்களில் குறுக்குவாட்டில் உட்காரும் இன்ஜின். பத்மினியிலோ இன்ஜின் நீளவாட்டில் உட்கார்ந்து, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்தைத் தள்ளும். ஆக, இன்ஜினைத் திருப்பி வைத்து, நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட் போட்டு, வேறு வண்டியின் கியர் பாக்ஸைக் கோர்த்து, ஷாஃப்டை வெட்டி ஒட்டிப் பேலன்ஸ் பண்ண வேண்டும். இதில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் லீவர் போய்விடும், எனக்கு அதுவே பாதி உயிர் போன மாதிரி. அப்புறம் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ, ஒயரிங், திருட்டைத் தடுக்க சாவியில் இருக்கும் இம்மொபிலைசர், ஆக்சிலேட்டர் சென்சார் எல்லாவற்றையும் இன்ஜின் எடுத்த அந்த வண்டியிலிருந்தே மொத்தமாகக் கழற்றி வர வேண்டும். முன்பக்கம் கனம் கூடும். இரண்டு மடங்குக்கு மேல் டார்க் போகும்போது பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள் எத்தனை நாள் தாங்கும்? கூடும் வேகத்தை நிறுத்த அதே பழைய நாலு டிரம் பிரேக்தானா? ஒரு பட்டறையில் இதைக் கேட்டதற்கு "பார்த்துப் போனா ஒண்ணும் ஆவாது சார்" என்றார்கள்.

சரி, இதெல்லாம் காசும் நல்ல மெக்கானிக்கும் இருந்தால் தீரும். தீராத விஷயம் பேப்பர். என்னை முடிவு எடுக்க வைத்தது அதுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி ஆர்.சி.யில் புது நம்பர் ஏற்றிக்கொள்வது வேறு கதை. பெட்ரோல் பத்மினிக்குள் இன்னொரு கம்பெனி வண்டியின் டீசல் இன்ஜினை வைத்துவிட்டு அந்த வழியில் போக முடியாது. "ஆர்.டி.ஓ.வில் நம்ம ஆள் இருக்கார்" என்பவர்களை நம்பி இறங்கினால் ஒரு முறை வேலை நடக்கலாம். ஆனால் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டுமே. ஒவ்வொரு முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பார். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு, இன்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் உள்ளே டீசல் இன்ஜின் கடகடத்துக்கொண்டிருந்தால் என்ன பதில் சொல்வது?

விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் இதையேதான் பார்ப்பார், க்ளெய்மை மறுக்க அது ஒன்று போதும். விற்கும்போதும் இதே தலைவலி. இன்று பத்மினி வாங்க வருகிறவர் மைலேஜ் கேட்பதில்லை, "ஒரிஜினல் இன்ஜினா, நம்பர் மேட்ச் ஆகுதா" என்றுதான் கேட்கிறார். 2021இல் வந்த விண்டேஜ் விதியும் ஐம்பது வருடம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கும் வண்டிக்கு மட்டும்தான் தனி நம்பர் தருகிறது. எழுபதுகளின் பத்மினிகள் இப்போதுதான் அந்த வயதைத் தொடுகின்றன. இந்த நேரத்தில் இன்ஜினை மாற்றினால் அந்தக் கதவும் மூடிவிடும்.

காசுக் கணக்கும் டீசலுக்குச் சாதகமாக இல்லை. டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014இல் எடுத்தபின், பாதி விலைக்கு டீசல் என்ற காலமெல்லாம் போயாச்சு. பெட்ரோல் நூறு, டீசல் தொண்ணூற்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருடத்துக்கு 3000 கிலோமீட்டர் ஓடினால், பெட்ரோலில் லிட்டருக்கு 11, டீசலில் 17 என்று தாராளமாகப் போட்டாலும் மிச்சம் வருடத்துக்குப் பத்துப் பதினோராயிரம்தான். மாற்றும் செலவு என்று எனக்குச் சொன்ன தொகை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

பெட்ரோல் பக்கம் செலவு குறைவு, வேலையும் தெரிந்த வேலை. மெக்கானிக் ஹெட்டைக் கழற்றி சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தார், பிஸ்டன் ரிங் எட்டாத இடத்தில் விளிம்பு தெளிவாகத் தட்டுப்பட்டது, கீழே சிலிண்டர் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், "போரிங்தான்" என்று அங்கேயே முடிவாகிவிட்டது. போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், பேரிங், அலுமினிய ஹெட் என்பதால் அதன் அடிப்பரப்பைச் சமப்படுத்தும் ஃபேசிங். நம்பர் அதே நம்பர். குறை இல்லாமல் இல்லை. வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்து வேப்பர் லாக் ஆகும், ஃபியூவல் பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் இன்றும் தேவைப்படுகிறது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், ஆனால் மாற்றி அதிக நாள் ஆகாததால் தாங்குகிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எரிபொருள் செலவுதான் உறுத்துகிறது என்றால் அனுமதியோடு சிஎன்ஜி கிட் போடலாம், ஆர்.சி.யில் முறைப்படி ஏறும். பம்பாயின் பத்மினி டாக்சிகள் கடைசிக் காலம்வரை அப்படித்தான் ஓடின. டிக்கி போய்விடும், அவ்வளவுதான்.

இல்லை, டீசல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்களுக்கு 137டி இருக்கிறது, கம்பெனியே டீசல் வைத்து விற்ற பத்மினி. ஆர்.சி.யிலேயே டீசல் என்று இருக்கும். சத்தம் அதிகம், இன்ஜின் ஸ்பேருக்கு அலைய வேண்டும் என்கிறார்கள், நான் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களே பானெட்டைத் திறந்து, பிளாக்கில் இருக்கும் கிரீஸைத் துடைத்து, நம்பரை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.