பிளாரன்ஸிலிருந்து பீசா போகும் ஜோடிகள் கவனத்துக்கு

இத்தாலி சுற்றுலாவில் பிளாரன்ஸில் தங்கி, ஒரு நாளைப் பீசாவுக்கு ஒதுக்குவது பலரும் செய்வது. ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். ஆனால் யூரோ கரைவதற்கு வழியில் நாலைந்து இடங்கள் உண்டு. அவற்றில் பாதி திருட்டே அல்ல, சட்டப்படி நடப்பவை. போலீசில் சொல்லியும் பயனில்லை.

முதல் இடம், பிளாரன்ஸின் முக்கிய ரயில் நிலையமான சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனின் டிக்கெட் மெஷின். திரையைத் தொடும் முன்பே ஒருவர் வந்து நிற்பார். கேட்காமலேயே மொழியை மாற்றுவார், ஊரைத் தேர்ந்தெடுப்பார், எத்தனை பேர் என்று கேட்டு அழுத்துவார். டிக்கெட் வந்ததும் மீதிச் சில்லறை விழும் குழியில் அவர் கைதான் முதலில் இருக்கும், அல்லது உதவிக்குக் காசு கேட்பார். அதைவிட மோசம், அவர் பக்கத்தில் நிற்கும்போது கார்டின் ரகசிய எண்ணை அழுத்துவது. ஒருவர் மெஷினில் கவனமாக இருக்க, மற்றவர் திரைக்கு முதுகு காட்டிப் பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் ஜோடியாகப் போவதில் உள்ள வசதி. இருவரும் சேர்ந்து திரையை எட்டிப் பார்ப்பதைத்தான் அந்த ஆசாமி எதிர்பார்க்கிறார். பெரிய நோட்டுடன் போகாதீர்கள். மெஷின் திருப்பித் தரும் சில்லறைக்கு உச்சவரம்பு உண்டு.

அடுத்தது அபராதம். இந்த வழியில் ஓடுபவை பெரும்பாலும் ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில்கள். இவற்றின் காகித டிக்கெட்டை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. பிளாட்பாரம் போகும் வழியில் உள்ள சின்ன மெஷினில் செருகி, நேரமும் ஸ்டேஷனும் அச்சாக வேண்டும். அச்சான நேரத்திலிருந்து 4 மணி நேரம் செல்லும். முத்திரை இல்லாத டிக்கெட், முழுப் பணம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அபராதத்துக்கு உரியதே. ‘வெளியூர்க்காரர்கள், தெரியாது’ என்ற பேச்சு எடுபடாது. ரயிலிலேயே கட்டினால் ஒரு தொகை, பிறகு கட்டினால் அதைவிடக் கூட. மெஷின் பழுதாகி இருந்தால் தேதி, நேரம், ஸ்டேஷன் மூன்றையும் டிக்கெட்டில் பேனாவால் எழுதி, ரயிலில் ஏறியதும் நீங்களாகவே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தால் கதை வேறாகிவிடும்.

செல்போனில் வாங்கியவர்களுக்கும் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் ரெஜியோனாலே டிஜிட்டல் டிக்கெட்டுக்கு, முத்திரைக்குப் பதிலாக, செக்-இன் செய்தாக வேண்டும். ஆப்பிலோ மின்னஞ்சலில் வந்த இணைப்பிலோ செய்யலாம். அதற்கு நெட் வேண்டும். ஸ்டேஷன் வைஃபையை நம்பாமல், ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இருவருக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் இருவர் டிக்கெட்டும் செக்-இன் ஆனதா என்று பாருங்கள். இரண்டு டிக்கெட்டும் ஒரே போனில் இருந்து, மாலையில் அந்தப் போனில் சார்ஜ் தீர்ந்தால் இருவருமே டிக்கெட் இல்லாதவர்கள். அதிவேக ரயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அந்த டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே.

ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் பீசா என்று தேடிக் குழம்பாதீர்கள். பல ரயில்கள் பீசாவைத் தாண்டி லிவோர்னோ சென்ட்ராலே வரை போகின்றன. அந்தப் பெயர்தான் பலகையில் இருக்கும். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. எம்போலி வழிதான் சீக்கிரம். லுக்கா வழி போனால் நேரம் நீளும். வேலைநிறுத்த நாளென்றால், வாரநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 ஆகிய நேரங்களில் மட்டுமே ரெஜியோனாலே ரயில்களுக்கு உத்தரவாதம். திரும்பும் நேரத்தை அதற்குள் வையுங்கள்.

பீசா சென்ட்ராலேயிலிருந்து கோபுரம் நடந்தே 25 நிமிடம். கோபுரம் ஏற நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். நேரம் தவறினால் பணம் போனதுதான். பையை ஒப்படைக்காமல் மேலே விடமாட்டார்கள், அதற்கும் வரிசை. எனவே ரயில் வந்துசேரும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் இடையே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் விளம்பரங்கள். அதே டிக்கெட்டுக்கு மேலே ஏதோ ‘வழிகாட்டி’ சேர்த்து விலையை ஏற்றியிருப்பார்கள். கோபுரத்தை நிர்வகிக்கும் ஓபெரா தெல்லா பிரிமாசியாலே பிசானாவின் தளத்திலேயே வாங்குங்கள். கோபுர டிக்கெட் இருந்தால் பேராலயத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது; அதற்கென்று யாராவது விற்க வந்தால் நகர்ந்துவிடுங்கள். புல்வெளியில் நின்று பார்ப்பதற்கும் காசில்லை.

கோபுரத்தைக் கையால் தாங்குவது போல எல்லோரும் ஒரு படம் எடுக்கிறார்கள். ஒருவர் கையை நீட்டி நிற்க, மற்றவர் திரையில் கோணம் பார்க்க, பை புல்லில் கிடக்கும். பைத் திருடர்களுக்கு இதைவிட நல்ல தருணம் அமையாது. பையை உடம்போடு மாட்டிக்கொண்டே எடுங்கள், படம் அதனால் ஒன்றும் கெடாது. சுற்றிலும் பிராண்டுப் பெயர் போட்ட போலிக் கைப்பை, கடிகாரம் விற்பவர்களிடம் பேரம்கூடப் பேசாதீர்கள். இத்தாலியில் வாங்குபவருக்கும் அபராதம் உண்டு, 300 முதல் 7,000 யூரோ வரை.

இரவுச் சாப்பாட்டில்தான் பெரிய அதிர்ச்சி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘அல்லெத்தோ’ என்றிருந்தால் அது 100 கிராமுக்கான விலை. மீனும் பிளாரன்ஸ் பிஸ்தெக்கா என்ற மாட்டிறைச்சித் துண்டும் பல இடங்களில் இப்படித்தான் வரும். 6 யூரோ என்று பார்த்துச் சொல்லி, 1,200 கிராம் வந்தால் பில் 72. சமைக்கும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று உட்காருவதற்கு வாங்கும் ‘கோபெர்தோ’ கட்டணம் மெனுவில் அச்சாகி இருந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்; அச்சாகாமல் பில்லில் மட்டும் இருந்தால் மறுக்கலாம். கார்டு மெஷின் உங்கள் நாட்டுப் பணமா, யூரோவா என்று கேட்டால் யூரோ. சர்வரே அழுத்திவிட்டு நீட்டினால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் உங்கள் வங்கியினுடையதைவிடப் பெரும்பாலும் மோசம்.

ஏதாவது திருடுபோனால் முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு ஸ்டேஷனிலுள்ள ரயில்வே போலீசான போல்ஃபெரிடம் போங்கள், அவசரத்துக்கு 112. எழுத்துப் புகாரான ‘தெனூன்சியா’வின் நகல் இல்லாமல் பயணக் காப்பீட்டில் காசு பெயருவது கஷ்டம். திருடுபோன பொருள் ஒவ்வொன்றும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.